பத்திரிகையின் பெயரை முதற்பக்கத்தில் அமைப்பது எப்படி: வன்னியிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் பஸ் நின்றால் கச்சான் கடலை வாங்காமல் திரும்ப ஏறுபவர்கள் குறைவு. முன்பெல்லாம் அந்தக் கச்சான் பழைய பேப்பர்ச் சுருளில் வரும். தின்று முடித்துச் சுருளை விரித்தால் சிலவேளை ஒரு முதற்பக்கத்தின் மேல்மூலை கையில் இருக்கும். அதில் பத்திரிகைப் பெயரின் பாதி. முழுப்பெயர் எங்களுக்குத் தேவைப்பட்டதே இல்லை. ‘கேச’ என்ற இரண்டு எழுத்துகளின் வளைவைக் கண்டதும் வீரகேசரி என்று சொல்லிவிடுவோம். பத்திரிகை தொடங்கப்போகிறேன் என்று வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இந்தக் கச்சான் சுருளின் கதையைத்தான்.

பக்க வடிவமைப்பில் பல ஆண்டுகள் இருந்தவன் என்பதால், கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கத்து இளைஞர்கள் சிலர் அவ்வப்போது தேடி வருவார்கள். பாடசாலைச் செய்தித்தாள், சனசமூக நிலையத்தின் மாத இதழ், விவசாயிகளுக்கான நான்கு பக்கத் தாள் என்று ஏதோ ஒன்று கையில் இருக்கும். எல்லோரும் கேட்பது ஒன்றே: “ஒரு நல்ல எழுத்துரு தாருங்கள் அண்ணை.” எழுத்துரு ஐந்தாவது ஆறாவது வேலை. அதற்கு முன்னால் செய்ய வேண்டியவற்றைச் செய்யாமல் போனதால்தான் இங்கே பல இதழ்களின் முதற்பக்கம் கலியாண அழைப்பிதழ் போல இருக்கிறது.

பெயர் பொறிக்கப்படும் அந்தப் பட்டையைப் பெரும்பாலான அலுவலகங்களில் ‘மாஸ்ட்ஹெட்’ என்பார்கள். பிரித்தானிய வழக்கு அது. அமெரிக்கர்களோ ஆசிரியர், வெளியீட்டாளர் பெயர்கள் அடங்கிய உட்பக்கப் பெட்டியை மாஸ்ட்ஹெட் என்றும், முதற்பக்கப் பெயரை ‘நேம்பிளேட்’ என்றும் அழைக்கிறார்கள். இணையத்தில் தேடிப் படிக்கும்போது குழப்பம் வரக்கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். இங்கே பெயர்ப்பட்டை என்றே எழுதுகிறேன்.

முதலில் கடைக்குப் போங்கள்

கணினியைத் திறக்காதீர்கள். கிளிநொச்சியிலோ மல்லாவியிலோ புதுக்குடியிருப்பிலோ, காலையில் பேப்பர் விற்கும் ஒரு கடைக்கு எதிர்ப்பக்கமாக, வீதிக்கு இந்தப் பக்கம் நில்லுங்கள். பத்திரிகைகள் எப்படி வைக்கப்பட்டிருக்கின்றன என்று பாருங்கள். சில கயிற்றில் உடுப்புக் கவ்வியில் தொங்கும். சில மேசையில் ஒன்றின்மேல் ஒன்றாகப் படிபோல அடுக்கப்பட்டிருக்கும். அப்போது ஒவ்வொன்றிலும் மேலே நான்கு விரல் அளவுதான் கண்ணுக்குத் தெரியும். மடித்துக் கட்டிய கட்டில் மேற்பாதி மட்டும் தெரியும். நீங்கள் இரவிரவாக வரையப்போகும் பெயருக்குக் கிடைக்கும் இடம் அந்த நான்கு விரல்தான்.

இப்போது, வாசிக்க முடியாத தூரத்திலிருந்தே எந்தப் பத்திரிகை எது என்று தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தவற்றை ஒரு கொப்பியில் குறியுங்கள். எதனால் தெரிந்தது? நிறத்தாலா, எழுத்தின் தடிப்பாலா, மேலே எழும்பி நிற்கும் ஒரு சுழியாலா? அதையும் எழுதுங்கள். கடைக்காரரிடம் சென்ற வாரத்துப் பிரதி ஒன்று வெயிலில் தொங்கியபடி இருந்தால் அதையும் பாருங்கள். வன்னி வெயிலில் சிவப்பும் மஞ்சளும் வெளிறிப் போகும், கறுப்பு நிற்கும். நிறத்தை மட்டும் நம்பிய பெயருக்கு என்ன ஆகும் என்பதை அங்கேயே கண்டுகொள்ளலாம்.

பிறகு ஒரு சனசமூக நிலையத்துக்குப் போங்கள். அங்கே பத்திரிகை ஒருவர் கையில் முழுதாக இருப்பதில்லை. முதற்பக்கத் தாள் ஒரு முதியவரிடம், விளையாட்டுப் பக்கம் இன்னொருவரிடம், நடுத்தாள் வாங்கின் கீழே. ஆகவே உட்பக்கங்களின் தலையிலும் பத்திரிகைப் பெயர் சிறிதாக வரவேண்டும், அதுவும் முதற்பக்கத்தில் உள்ள அதே எழுத்து வடிவத்தில்.

பெயர்

எங்கள் பத்திரிகை உலகில் சூரியனுக்குக் குறைவில்லை. உதயன், தினகரன், காலைக்கதிர், சுடர் ஒளி என எங்கு திரும்பினாலும் விடிகிறது. இந்த மண்ணின் முதல் தமிழ்ப் பத்திரிகை என்று சொல்லப்படும் ‘உதயதாரகை’, 1841இல் அமெரிக்க மிஷனரிமாரால் யாழ்ப்பாணத்தில் தமிழிலும் ஆங்கிலத்திலும் வெளியிடப்பட்டது. அதுவும் விடிவெள்ளிதான். இன்னொரு சூரியன் வேண்டாம் என்பது என் தனிப்பட்ட வேண்டுகோள்.

பெயர் காலத்தைத் தாண்டும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். 1942இல் மதுரையில் ஆதித்தனார் ‘தந்தி’ என்று தொடங்கியபோது அதுதான் விரைவின் அடையாளம். இந்தியாவில் தந்திச் சேவையே 2013இல் நிறுத்தப்பட்டுவிட்டது. தினத்தந்தி இன்னும் தந்திதான். இன்று புதுமையாகத் தெரியும் ஒரு தொழில்நுட்பச் சொல்லைப் பெயராக வைப்பவர்கள் இதை யோசிக்கட்டும். தந்திக்கு வாய்த்த பாக்கியம் எல்லாச் சொல்லுக்கும் வாய்க்காது.

இடத்தின் நினைவும் பெயரில் ஏறும். ஒருமுறை ஒரு பிள்ளை விவசாய இதழுக்கு ‘வாய்க்கால்’ என்று பெயர் வைக்கலாம் என்றது. நல்ல சொல், வயலுக்குப் பொருந்தும் சொல். ஆனால் 2009 மே மாதத்துக்குப் பிறகு வன்னியில் அந்தச் சொல்லைப் பெரிய கறுப்பு எழுத்தில் கடை வாசலில் தொங்கவிட்டால் நீர்ப்பாசனத்தை நினைப்பவர் எத்தனை பேர்? அறைக்குள் கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. வேறு பெயர் தேடினோம்.

விற்பனைக்கு வரும் பத்திரிகை என்றால் பெயரை வரைவதற்கு முன் சட்ட வேலையை முடியுங்கள். இலங்கையில் 1839ஆம் ஆண்டின் செய்தித்தாள்கள் கட்டளைச் சட்டமும் 1885ஆம் ஆண்டின் அச்சிடுவோர், வெளியிடுவோர் கட்டளைச் சட்டமும் இதைப் பற்றிப் பேசுகின்றன. அச்சிட்டவர், வெளியிட்டவர் விவரம் வழக்கமாகக் கடைசிப் பக்கத்தின் அடியில் வரும். அதே பெயரில் வேறொருவர் இருக்கிறாரா என்றும் பாருங்கள். வரைந்து முடித்த பிறகு பெயரை மாற்றுவது, கதவு நிலை வைத்த பிறகு வாசலை மாற்றுவது போன்றது.

எழுத்தின் மேலும் கீழும்

இனித்தான் உண்மையான வேலை. தமிழில் பெயர்ப்பட்டையின் வெற்றி தோல்வியில் பெரும்பங்கு, பெயரில் எந்த எழுத்து மேலே எழும்புகிறது, எது கீழே இறங்குகிறது என்பதில் இருக்கிறது. ஆங்கிலத்தில் பெயரை முழுக்கப் பெரிய எழுத்தில் எழுதிவிட்டால் எல்லாம் ஒரே உயரம். நமக்கு அந்த வசதி இல்லை.

‘உதயன்’ என்பதைப் பாருங்கள். நான்கு எழுத்து, இறுதியில் ஒரே ஒரு புள்ளி. மேலே சுழி இல்லை, கீழே ‘த’வின் சிறு வளைவைத் தவிர வால் இல்லை. ஆகவே ஐந்து சென்ரிமீற்றர் உயரப் பட்டையில் எழுத்தின் உடல் ஏறத்தாழ முழு உயரத்தையும் எடுத்துக்கொள்ளலாம். ‘வீரகேசரி’க்கு ‘வீ’ ஒரு முனையில், ‘ரி’ மறுமுனையில். இரண்டிலும் மேலே சுழி. பந்தலின் இரு கால் போலப் பெயரைத் தாங்குகின்றன. இது தானாக அமைந்த அழகு. ‘தினக்குரல்’ கடினமான பெயர்: மேலே ‘தி’யின் சுழியும் இரண்டு புள்ளிகளும், கீழே ‘கு’வின் வாலும் ‘ர’வின் வாலும். மேலும் கீழும் இடம் விடவேண்டியிருப்பதால் அதே ஐந்து சென்ரிமீற்றரில் எழுத்தின் உடல் சிறுத்துவிடும். நீளமும் கூட.

எடுத்துக்காட்டுக்காக நம் இதழின் பெயர் ‘குளக்கட்டு’ என்று வைத்துக்கொள்வோம். வெள்ளைத் தாளில் ஐந்து கோடு இழுங்கள். நடுவில் உள்ள இரண்டு இடைவெளிகள் எழுத்தின் உடலுக்கு. மேல் இடைவெளி புள்ளிக்கும் சுழிக்கும். கீழ் இடைவெளி வாலுக்கு. பெயரைப் பென்சிலால் எழுதினால் உடனே தெரியும்: தொடக்கத்தில் ‘கு’ கீழே இறங்குகிறது, நடுவில் இரண்டு புள்ளிகள் மேலே. ‘ட்’டும் ‘டு’வும் அடுத்தடுத்து வருவதால் அந்த இடத்தில் மேலே ஓட்டை விழுகிறது. டகரம் இடப்பக்கம் நின்று, அடியில் படுத்து, வலப்பக்க மேல்பகுதியை வெறுமையாக விடும் எழுத்து. இரண்டு டகரம் சேர்ந்தால் பல் விழுந்த வாய் போல இருக்கும். அவற்றைச் சற்று நெருக்கி, முதல் டகரத்தின் புள்ளியைக் கொஞ்சம் பெரிதாக்கி அந்த வெற்றிடத்துக்குள் இறக்கினால் ஓட்டை அடைபடும். கணினி தரும் இடைவெளியை நம்பாதீர்கள். எழுத்துகளுக்கு இடையிலான வெள்ளையைக் கண்ணால் அளந்து ஒவ்வொன்றாக நகர்த்த வேண்டும்.

புள்ளியைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. புள்ளிதான் முதலில் மறையும். ரோனியோவில் அடித்தாலும், போட்டோக்கொப்பி எடுத்தாலும், கைபேசியில் சிறிதாகப் பார்த்தாலும் அதுதான் தொலையும். ‘குளக்கட்டு’ ‘குளககடடு’ ஆகிவிடும். எழுத்துக் கோட்டின் தடிப்புக்குக் குறையாத விட்டத்தில் புள்ளி வையுங்கள். அதைச் சூரியனாகவும் நெற்கதிராகவும் நீர்த்துளியாகவும் மாற்றும் ஆசை எல்லோருக்கும் வரும். ஒரு பெயரில் ஒரு புள்ளிக்கு மட்டும் அந்தச் சலுகை கொடுக்கலாம். எல்லாப் புள்ளியும் துளியானால் அது மழைக்காலக் குடை விளம்பரம்.

ரகரத்தின் வாலை நவீனமாக இருக்கட்டும் என்று வெட்டுகிறவர்கள் உண்டு. வெட்டினால் ரகரம் துணைக்காலாகிவிடும். ‘கதிர்’ என்று எழுதியது ‘கதிா்’ என்று வந்து நிற்கும். பழைய பெயர்களில் லை, னை போன்ற எழுத்துகள் இருந்தால் எழுத்துச் சீர்திருத்தமும் நினைவுக்கு வரும். பெரியார் 1935இல் தன் ஏட்டில் தொடங்கிய சீர்திருத்தத்தைத் தமிழ்நாட்டு அரசு 1978இல் ஏற்றது. துதிக்கை போல மேலே வளைந்த பழைய ஐகாரம் அதன்பின் அச்சிலிருந்து விடைபெற்றது. புதிய இதழில் அந்தப் பழைய வடிவத்தை அழகுக்காகப் போடுவதை நான் விரும்புவதில்லை. இன்றைய பிள்ளைகளுக்கு அதை வாசிக்கத் தெரியாது.

வரைதல்

முடியுமானால் கையால் வரையுங்கள். எனக்கு எழுத்தைக் கற்றுத்தந்தவர் ஒரு போர்ட் எழுதுபவர். தகரத்தில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டு, தட்டைத் தூரிகையால் ஒரே இழுப்பில் ககரத்தை முடிப்பார். உங்கள் ஊரிலும் அப்படி ஒருவர் இருப்பார். அவரைக் கொண்டு பெயரைப் பத்து விதமாக எழுதுவித்து, ஒன்றைத் தேர்ந்து, படமெடுத்து, கணினியில் கோடுகளாக மாற்றுங்கள். எந்த எழுத்துருவிலும் கிடைக்காத முகம் அதில் இருக்கும்.

அப்படி ஒருவர் இல்லையென்றால் எழுத்துருவிலிருந்து தொடங்கலாம். நோட்டோ செரிஃப் தமிழ், முக்த மலர், மீரா இனிமை, கட்டமரன், பாலூ தம்பி போன்றவை திறந்த உரிமத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மாற்றி வரையவும் உரிமை உண்டு. ஆனால் எழுத்துருவை அப்படியே வைத்தால், அடுத்த கிராமத்துப் பழக்கடையும் அதே எழுத்துருவில் பெயர்ப்பலகை போடும்போது வருத்தப்படக்கூடாது. ஓரிரு எழுத்தையாவது உங்களுடையதாக்குங்கள்.

பட்டை நிறையவில்லை என்று எழுத்தை இருபக்கமும் இழுப்பது தான் நான் அதிகம் காணும் பிழை. இழுத்தால் நிற்கும் கோடு தடிக்கும், படுக்கும் கோடு மெலிந்தபடியே இருக்கும், புள்ளி முட்டையாகும். பெயர் குறுகியதாக இருந்தால் இருபக்கமும் இடம் விடுங்கள். அந்த இடத்துக்கும் பயன் உண்டு.

பெயரைச் சுற்றி

பெயரின் இருபுறமும் உள்ள சிறிய இடங்களைப் பத்திரிகைக்காரர்கள் காது என்பார்கள். நியூயோர்க் டைம்ஸ் தன் புகழ்பெற்ற வாசகத்தை, அச்சிடத் தகுந்த செய்தி எல்லாம் என்ற பொருளில் வருவதை, 1897 முதல் இடது காதில்தான் வைத்திருக்கிறது. வன்னியில் ஒரு மாத இதழுக்கு இடது காதில் நெல் விலையையோ குளத்து நீர்மட்டத்தையோ வைத்தால் வாசகர் அதைத் தேடிப் பார்ப்பார். விளம்பரம் போடுவதானால் ஒரு காதில் மட்டும் போடுங்கள்.

கீழே ஒரு மெல்லிய கோடு, அதற்குள் கிழமை, திகதி, விலை ரூபாவில், பக்க எண்ணிக்கை, இதழ் எண். இந்துக்கள் தமிழ்த் திகதியைத் தேடுவார்கள்; வவுனியா, மன்னார் முஸ்லிம் வாசகர்களுக்காக ஹிஜ்ரித் திகதியும் சேர்ப்பது மரியாதை. தபால் திணைக்களத்தில் பதிந்திருந்தால் அந்த வரியும் இங்கேதான் வரும். இந்த எழுத்துகளின் அளவு எட்டுப் பொயின்றுக்குக் குறையக்கூடாது, முதியவர்கள் படிக்க வேண்டும்.

இதழ் எண்ணுக்குத் தமிழில் இனிய மரபு உண்டு. மலர், இதழ் என்பது பொது. ‘செந்தமிழ்ச் செல்வி’ தன் தொகுதிகளைச் சிலம்பு என்றும் இதழ்களைப் பரல் என்றும் எண்ணியது. ‘தமிழ்ப் பொழில்’ துணர், மலர் என்றது. ‘குளக்கட்டு’ என்றால் குளம் 1, துருசு (மதகு) 4 என்று போட ஆசைப்படலாம். போடுங்கள், யாருக்கும் தீங்கில்லை.

சின்னம் தேவையா? பெயரே ஒரு படத்தைச் சொன்னால் தேவையில்லை. குளக்கட்டு என்று எழுதிவிட்டு அதன்கீழே குளக்கட்டின் படம் வரைவது, ஆட்டின் கழுத்தில் ‘ஆடு’ என்று பலகை மாட்டுவது போன்றது.

பெயருக்கு மேலே உட்பக்கச் செய்திகளை அறிவிக்கும் பட்டையும் சிலர் போடுவார்கள். கடையில் அடுக்கும்போது தெரிவது மேல் நான்கு விரல் என்று சொன்னேன் அல்லவா? அந்த இடத்தை அறிவிப்புக்குக் கொடுத்தால் பெயர் மறைந்துவிடும். வழக்கமான நாளில் பெயர் உச்சியில் இருக்கட்டும். 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டு கிளிநொச்சி வெள்ளத்தில் நின்றதே, அப்படிப்பட்ட நாளில் படத்தைப் பெயருக்கு மேலே ஏற்றலாம். ஆண்டுக்கு ஒருமுறை செய்தால்தான் வாசகர் அதிர்வார்.

அளவு கேட்பீர்கள். ஏ3 தாளின் உயரம் 420 மில்லிமீற்றர். அதில் எட்டில் ஒரு பங்கு, அதாவது ஐம்பது மில்லிமீற்றர் சொச்சம், திகதிக் கோடும் சேர்த்துப் போதும்.

மையும் தாளும்

வடக்கில் பத்திரிகை நடத்தியவர்களுக்கு மை ஒரு செலவுக் கணக்கு மட்டுமாக இருந்ததில்லை. தொண்ணூறுகளின் தடைக்காலத்தில் அச்சுத்தாள் வராமல் கோடிட்ட கொப்பித் தாளிலும் பத்திரிகை அச்சானது. 2006 ஆகஸ்டில் ஏ9 வீதி மூடப்பட்ட பிறகு யாழ்ப்பாணத்துப் பத்திரிகைகள் தாளுக்கும் மைக்கும் தட்டுப்பட்டுப் பக்கங்களைக் குறைத்தன. அந்தக் காலத்தில் வேலை பழகியவர்கள் பெரிய கறுப்புக் கட்டத்துக்குள் வெள்ளை எழுத்து வைப்பதைக் கண்டாலே முகம் சுளிப்பார்கள். மை தின்னும் என்பது ஒரு காரணம். செய்தித்தாள் காகிதம் மையை உறிஞ்சிப் பரவ விடும், மெல்லிய வெள்ளைக் கோடுகள் அடைபட்டுப் போகும் என்பது இன்றைக்கும் பொருந்தும் காரணம்.

நிறம் வேண்டுமென்றால் ஒரே நிறம். ஓப்செற்றில் சிவப்பு என்பது மஜெந்தாவும் மஞ்சளும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து வருவது. பிளேட் அரை மில்லிமீற்றர் நகர்ந்தாலும் எழுத்தின் ஓரத்தில் மஞ்சள் நிழல் தெரியும். எழுத்து தடிப்பாக இருந்தால் அது கண்ணை உறுத்தாது. கறுப்பு என்றால் தனிக் கறுப்பு மையில் மட்டும் அமையுங்கள். நான்கு நிறத்தைக் கலந்து கறுப்பு உண்டாக்காதீர்கள். நிறமில்லாத ஒரு வடிவத்தையும் கையோடு வைத்திருங்கள். துக்க நாளில் அதுதான் வேண்டும்.

அச்சகத்துக்கு அனுப்புதல்

இங்கே பலர் இன்னும் பாமினி எழுத்துருவில்தான் தட்டச்சு செய்கிறார்கள். பாமினி இல்லாத கணினியில் அந்தக் கோப்பைத் திறந்தால் பெயருக்குப் பதில் ஆங்கில எழுத்துக் குவியல் வரும். யூனிகோடில் செய்தாலும் தப்பில்லை என்று நினைக்காதீர்கள். சில மென்பொருள்களில் தெற்காசிய எழுத்துக்கான அமைப்பைத் தெரிவு செய்யாவிட்டால் ‘கொ’வின் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். நான் முதன்முதலில் செய்த பெயர்ப்பட்டை அப்படித்தான் கொம்பு இடம்மாறி ஆயிரம் பிரதி அச்சாகி வந்தது. அன்றிலிருந்து பெயர்ப்பட்டையை எழுத்தாக அனுப்புவதே இல்லை. வளைகோடுகளாக மாற்றி, பிடிஎஃப் கோப்பாக்கி, கூடவே ஒரு அச்சுப் பிரதியையும் கொடுத்து, இதோடு ஒப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டு வருவேன்.

அனுப்பும் முன் மூன்று சோதனை. பிரதியை ஓடும் சைக்கிளிலிருந்து பாருங்கள். கைபேசித் திரையில் நகத்தளவு சிறிதாக்கிப் பாருங்கள். கடைசியாக, தாளைச் சுருட்டிக் கச்சான் சுருளாக்கி, தெரிகிற பாதியைப் பத்திரிகையோடு சம்பந்தமில்லாத ஒருவரிடம் காட்டுங்கள்.

மாற்றும் ஆசை

இரண்டாம் ஆண்டில் வரும். அடக்குங்கள். நியூயோர்க் டைம்ஸ் தன் பெயரின் நடுவில் இருந்த சிறுகோட்டை எடுத்தது 1896இல். கடைசியில் இருந்த முற்றுப்புள்ளியை எடுத்தது 1967இல். ஒரு புள்ளிக்கு எழுபது ஆண்டு யோசித்திருக்கிறார்கள். லண்டன் டைம்ஸ் 1932இல் பழைய கோதிக் எழுத்தைக் கைவிட்டது, பத்திரிகையின் முழு எழுத்தையும் மாற்றிய அன்று அதையும் சேர்த்து மாற்றியது. அப்படி ஒரு பெரிய காரணம் இருந்தால் மாற்றுங்கள். புதிய வடிவமைப்பாளர் வந்துவிட்டார் என்பது காரணமாகாது. வீட்டுக்கு மருமகள் வந்தால் வீட்டுப் பெயரை மாற்றுகிறோமா?

இதழுக்கு இதழ் மாற வேண்டியது திகதிக் கோடு மட்டுமே. அதுதான் மறக்கப்படும். முந்தைய இதழின் கோப்பைத் திறந்து புதிய செய்தியை நிரப்புவதால் கிழமை, திகதி, இதழ் எண் மூன்றும் பழையபடியே நிற்கும். அச்சுக்குப் போகும் இரவில், பக்கம் செய்தவர் அல்லாத ஒருவர் அந்தக் கோட்டை உரத்து வாசிக்க, இன்னொருவர் சுவரில் உள்ள நாட்காட்டியைப் பார்த்துச் சரி சொல்ல வேண்டும். நாங்கள் ஒருமுறை இதைச் செய்யாமல் விட்டோம். மறுநாள் காலை பரந்தன் சந்தியில் கடைக்காரர் கட்டைப் பிரிக்கவே இல்லை. “தம்பி, இது போன மாதத்துப் பேப்பர், எனக்கு ஏற்கெனவே தந்துவிட்டீர்கள்” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.